இரண்டு கை கேட்கும் மிஷின்

காலையில் ஹெல்மெட்டைத் தேடும்போதே போன் அடித்தால் எனக்கு எரிச்சல் வரும். எடுக்காமல் விட்டாலும் நிம்மதி இருக்காது. எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம். "சார், புரோகிராம் போயிடுச்சுங்க." புரோகிராம் எங்கேயும் போவதில்லை. போவதற்கு அதற்குக் காலா இருக்கிறது? போய்ப் பார்த்தால் பேனல் பெட்டிக்குள் ஒரு பல்லி கருகிக் கிடக்கும். இல்லையென்றால் ஒரு ஒயர் கழன்று தொங்கும். இல்லையென்றால் எலி. ஜவ்வரிசி போடும் சேகோ ஆலையாக இருந்தால் மாவு, அரிசி ஆலையாக இருந்தால் தவிட்டுத் தூசு, ஹாலோ பிளாக் போடுகிற இடமாக இருந்தால் சிமெண்ட். எதுவாக இருந்தாலும் கடைசியில் என் மூக்குக்குள்தான் வந்து சேர்கிறது.

என் பிழைப்பு பிஎல்சி. அதிலும் சின்ன ஆலைகளுக்கான சின்ன பிஎல்சி. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. ஒரு பக்கம் சுவிட்சுகளிலிருந்தும் சென்சார்களிலிருந்தும் ஒயர் உள்ளே வரும், மறுபக்கம் மோட்டாருக்கும் வால்வுக்கும் ஒயர் வெளியே போகும். நடுவில் நான் எழுதிய நிபந்தனைகள் உட்கார்ந்திருக்கும். இதை அழுத்தினால் அது ஓடட்டும், அது சூடேறினால் இது நிற்கட்டும். அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளில் இதைப் பார்த்துக்கொள்ள ஏசி அறையில் ஆட்கள் இருக்கிறார்கள். கடத்தூரிலும் கம்பைநல்லூரிலும் தகரக் கொட்டகை போட்டு ஆலை நடத்துகிறவர்களுக்கு நான் இருக்கிறேன். ஒரு பழைய லேப்டாப், ஒரு கேபிள், ஒரு பைக், ஒரு முதுகுவலி.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்த வேலை உயிரை வாங்குகிறது. பேனல் பெட்டியை எப்போதும் தரையோடு தரையாகவோ, ஏணி வைத்து ஏறும் உயரத்திலோதான் மாட்டியிருப்பார்கள். நின்றபடி பார்க்கிற உயரத்தில் மாட்டிய புண்ணியவானை நான் இன்னும் சந்திக்கவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, கேபிளைச் சொருகிவிட்டுத் திரும்பினால் பின்னால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ஆயிடுச்சுங்களா சார்?" என்பார் ஒருவர். இன்னும் லேப்டாப்பே ஆன் ஆகியிருக்காது. பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

கடத்தூர் பக்கத்தில் பாக்குமட்டைத் தட்டு போடும் கொட்டகை ஒன்று இருக்கிறது. கல்யாணத்திலும் கோயில் அன்னதானத்திலும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிறோமே, அந்தத் தட்டு. மட்டை கர்நாடகாவிலிருந்து லாரியில் வரும். தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, சூடான இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தட்டாகிவிடும். கீழ் அச்சு அசையாது. மேல் அச்சு ஹைட்ராலிக்கில் இறங்கி, சில நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, தானாக ஏறும். ஒவ்வொரு மிஷினுக்கு முன்னாலும் ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஓனர் தக்காளி மண்டி நடத்திச் சலித்துப்போய் இதில் இறங்கியவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அவர் என்னை முதல்முதலாகக் கூப்பிட்டதே ஒரு விபத்துக்குப் பிறகுதான். நான் போனபோது மூலையிலிருந்த மிஷின் மட்டும் ஓடாமல் நின்றது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டியிருந்தார்கள். முன்னால் பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் தரையில் காய்ந்து கிடந்தது. எந்தப் பெண்ணும் அதில் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்றார் ஓனர்.

அந்த மிஷின்கள் வாங்கும்போதே காலால் மிதிக்கிற பெடலோடு வந்தவை. கை மட்டையைச் சரிசெய்யும், கால் பெடலை மிதிக்கும். இரண்டும் ஒரே ஆளுடைய கையும் காலும்தான், இருந்தாலும் ஒரு நாள் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மட்டை விலகியிருக்கிறது, கை உள்ளே போயிருக்கிறது, கால் பழக்கத்தில் மிதித்துவிட்டது. சூடான அச்சு.

"எந்தக் கைங்க?" என்று கேட்டேன்.

"எடது கைங்க சார். சேலத்துல ஆஸ்பத்திரில இருக்குது அந்தம்மா. நாந்தான் கூட்டிட்டுப் போய் சேத்தன். ராத்திரியில கண்ண மூடினா அந்தச் சத்தந்தாங்க கேக்குது. பூசணிக்காய்லாம் ஒடைச்சாச்சு, இருந்தாலும் நீங்க ஏதாச்சும் பண்ணி வுடுங்க."

பூசணிக்காய்க்கு அடுத்த இடத்தில் என்னை வைத்திருந்தார். நான் வருத்தப்படவில்லை. எல்லா மிஷினிலும் பெடலைக் கழற்றிப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பிஎல்சி, குமிழ் மாதிரி பெரிய பட்டன் இரண்டு. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கீழே வந்து சேரும்வரை இரண்டிலிருந்தும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அச்சு மேலே ஏறிவிடும். ஆக, அச்சு இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் வெளியே இருந்தே ஆக வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. உலகம் முழுக்க அழுத்துகிற மிஷின்களுக்குச் செய்கிற ஏற்பாடுதான்.

மிஷினில் உட்காரும் பெண்களுக்கு என்மேல் கோபம். வேலை மெதுவாகிறது என்றார்கள். அடுத்த வாரமே ஒருவர் தலைமுடிக்குப் போடும் ரப்பரால் ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டிவைத்து, ஒரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் புரோகிராமை மாற்றினேன். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பட்டனையும் விட்டு, மறுபடியும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும். அப்புறம் முழங்கையால் ஒரு பட்டனை அழுத்தப் பழகிக்கொண்டார்கள். நான் பட்டனைச் சுற்றி இரும்பு வளையம் வைத்தேன். உள்ளங்கையை விரித்து உள்ளே விட்டால்தான் பட்டன் அமுங்கும். இவர்களிடம் தோற்கக் கூடாது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது எனக்கு. அதற்கப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எலுமிச்சம்பழம் வாடி விழுந்த பிறகு மூலை மிஷினிலும் ஒருவர் உட்கார ஆரம்பித்தார். நான் அந்தக் கொட்டகையை மறந்துபோனேன்.

சில மாதம் கழித்து ஓனர் கூப்பிட்டார். "ஒரு சின்ன வேலைதாங்க சார். வர்றப்ப லேப்டாப்ப எடுத்துட்டு வந்துடுங்க." சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரிய வேலை என்றால் நேராகச் சொல்லிவிடுவார்கள். அதியமான்கோட்டை வழியாகத் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன்.

கொட்டகை வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். ஓனர் சொல்லாமலே யாரென்று தெரிந்துவிட்டது.

"காட்டும்மா சார்கிட்ட," என்றார் ஓனர்.

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் எடுத்துக் காட்டிவிட்டார். விரல்களில் இரண்டுதான் மிச்சம், அவையும் உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தன. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டினது மாதிரி இருந்தது. நான் பேனல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்த அம்மா வேலைக்குத் திரும்பி வந்திருக்கிறார். தன் பழைய மிஷின் வேண்டும் என்கிறார். ஆனால் மிஷின் இரண்டு கை கேட்கிறது. அவரிடம் ஒரு கைதான் இருக்கிறது. இடது கையை அந்த வளையத்துக்குள் விட்டு அழுத்த முடியவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தலாம், நாள் முழுக்க முடியாது. யாருடைய கை போனதால் அந்தப் பட்டன்களை வைத்தேனோ, அவரைத்தான் அந்தப் பட்டன்கள் உள்ளே விடமாட்டேன் என்கின்றன. முழங்கையால் அழுத்தலாமே என்றால், அந்த வழியையும் நானே வளையம் போட்டு அடைத்திருந்தேன்.

"ஒரு பட்டன்ல ஓடற மாதிரி இந்த ஒரு மிஷின மட்டும் மாத்திக் குடுத்துடுங்க சார்," என்றார் ஓனர். "உங்களுக்கு அஞ்சு நிமிச வேலதான?"

அஞ்சு நிமிடம்கூட ஆகாது. திரையில் நான் எழுதிய நிபந்தனைக் கோட்டில் ஒரு புள்ளியை அழித்தால் போதும். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"முடியாதுங்க. ஒரு கை பட்டன்ல இருந்தா இன்னொரு கை சும்மாத்தான இருக்கும்? அது உள்ள போக எவ்வளவு நேரம் ஆவும்? மறுபடியும் சேலத்துக்கு ஓடறதுக்கா?"

"சார், தட்டு பிரிச்சு அடுக்கற வேல இருக்குதுன்னு சொல்லிட்டன். கூலி கொறச்சலா இருந்தாலும் உக்காந்து பாக்கற வேல. இந்தம்மா கேக்க மாட்டேங்குது. அந்த மிஷின்ல இருந்த பொண்ணு நின்னுடுச்சு, கல்யாண சீசன் ஆரம்பிச்சிட்டா அத நான் சும்மா நிறுத்தி வெக்க முடியாதுங்க. வேற ஆள உக்கார வெச்சே ஆவணும்."

அந்த அம்மா நேராக என்னைப் பார்த்துப் பேசினார்.

"பிரிச்சு அடுக்கற எடத்துல கெழவிங்கதாங்க சார் உக்காந்திருக்குது. என்ன அங்க கொண்டு போய் உக்கார வெச்சா அவ்ளோதான், அப்பறம் எந்திரிக்க வுட மாட்டாங்க. எம் பொண்ணு நர்சிங் சேந்திருக்குது. அவுங்கப்பா இல்லீங்க. மிஷின்ல உக்காந்தாத்தான் எங்க வூடு ஓடும். என்னால ஓட்ட முடியும். இந்தக் கொட்டாயில மொதல்ல மிஷின் கத்துக்கிட்டவளே நான்தான்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒரு பட்டன்ல நான் வுட மாட்டன்."

"அப்ப நான் போயிடறதுங்களா?"

யோசிக்கிறேன் என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வழி முழுக்க எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். நான் என்ன பெடல் வைத்தவனா? வேண்டாத பெடலைக் கழற்றியவன். அந்த மிஷினைச் செய்து விற்றவன் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். எல்லோரும் தங்கள் தலையில் இருப்பதை இறக்கி என் தலையில் வைக்கிறார்கள். வீட்டில் என் மனைவி, "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றாள். வெயில் என்றேன். உண்மையில் எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்தடுத்து வேலைகள் வந்தன, ஓடினேன். யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்த முறை அங்கே போனது வேறு காரணத்துக்காக. ஒரு மிஷினில் அச்சு சூடாகவில்லை, "புரோகிராம் போயிடுச்சு" என்று வழக்கம்போல் போன். போய்ப் பார்த்தால் ஹீட்டர் ஒயர் அறுந்திருந்தது. அதை மாட்டிவிட்டு எழுந்தபோதுதான் மூலையில் அந்த அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு தட்டாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

யாரோ வந்து என் புரோகிராமை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அருகே போய்க் கவனித்தேன். பக்கத்து மிஷின்காரம்மா தன் ஸ்டூலை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார். தன் மிஷினின் அச்சு இறங்கி அழுத்திப் பிடித்திருக்கும் அந்தச் சில நொடிகளில், தன் வலது கையை நீட்டி இந்த மிஷினின் இடது பட்டன்மேல் வைக்கிறார். இந்த அம்மா தன் வலது கையை வலது பட்டன்மேல் வைக்கிறார். "ம்" என்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்துகிறார்கள். அச்சு இறங்குகிறது. அதற்குள் பக்கத்து மிஷின் மேலே ஏறிவிடுகிறது, அவர் தன் தட்டை எடுக்கப் போய்விடுகிறார். மறுபடியும் மட்டை, மறுபடியும் "ம்". அரை நொடிக்குள் இரண்டு பட்டனும் அமுங்க வேண்டும் என்று நான் வைத்த நிபந்தனையை, இரண்டு பெண்கள் ஒரு "ம்" போட்டுத் தாண்டியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. பேச்சு வேறு ஏதோ ஒரு கல்யாண வீட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் கழித்து ஒரு வேலையிடத்தில் நின்று சந்தோஷப்பட்டேன். என் வீம்பெல்லாம் தோற்றுப்போனது நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். இது ஆபத்தும் இல்லையே, அவருடைய நல்ல கை பட்டன்மேல்தானே இருக்கிறது என்று மனசுக்குள் கணக்கும் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் இன்னொரு கையைப் பார்த்தேன்.

ஊறிய மட்டை சும்மா இருக்காது, நுனி சுருளும். மற்ற பெண்கள் இரண்டு கையாலும் இரண்டு நுனியையும் ஒரு அழுத்து அழுத்திப் படியவைத்துவிட்டு, அது மறுபடியும் சுருளுவதற்குள் பட்டனுக்குப் போவார்கள். ஒரு கையால் அது நடக்காது. இந்த அம்மா மட்டையின் ஒரு நுனியைத் தன் இடது கையால், அந்த மடங்கின கையால், அச்சுக்குள் அழுத்திப் பிடித்திருந்தார். வலது கை பட்டனில். "ம்." அச்சு இறங்க ஆரம்பித்த பிறகு, கடைசி நேரத்தில், இடது கையை உருவிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எடுத்த வேகத்தைப் பார்த்தால் நாளெல்லாம் இப்படித்தான் செய்கிறார் என்று தெரிந்தது.

நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனைக் குத்தினேன். மிஷின் நின்றது. கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா பண்றீங்க? கை உள்ள இருக்குது!"

"எடுத்துடறனுங்களே சார்."

"எடுக்கலன்னா?"

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார். "அது போன கைதானுங்களே சார்."

பக்கத்து மிஷின்காரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பாத்துத்தாங்க அமுக்கறன். நான் என்ன குருடியா? நீங்க ஓனர்கிட்ட சொல்லி இவ வயித்துல மண்ணள்ளிப் போட்டுறாதீங்க. வேணும்னா உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, வந்த வழியே போங்க."

நான் வந்த வழியே போகவில்லை. ஓனரிடம் போய் அந்த மிஷினை நான் சொல்லும்வரை ஓட்டக் கூடாது என்றேன். அந்த அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் தருமபுரிக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக பாயிடம் போனேன்.

பாய் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருக்கிறார். என் வயசுதான். அவருக்கும் என்னைப் போலவே எல்லாவற்றிலும் சலிப்பு. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நடந்ததைச் சொன்னேன். "போன கை" என்று அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அப்ப கைய நம்பாதீங்க. கைக்கு நீங்க காவல் வெச்சா அதுங்க வேற வழி கண்டுபுடிக்கும். வழிய அடைங்க," என்றார்.

"கதவு வெக்கலாம்னு பாக்கறன் பாய். மேலருந்து கீழ இறங்கற மாதிரி. கதவு முழுசா மூடினா அச்சு இறங்கணும். பட்டனே வாணாம்."

"ஒரு கையில இழுக்கணுமே, பாரமா இருக்கக் கூடாதே?"

"பின்னாடி எடை கட்டித் தொங்க வுடலாம்."

"மட்ட நுனி சுருளுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு ஸ்பிரிங் கிளிப்பு போட்டுத் தர்றன். அத அந்தம்மா ஒரு வெரல்ல தள்ளிக்கலாம்."

பாய் தன் கொட்டகையில் கிடந்த இரும்புச் சட்டத்தை அறுத்து, வலை அடித்து, கதவு செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓனர் போனில் கொஞ்சம் முணுமுணுத்தார். ஒரு மிஷினுக்குக் கதவு வைத்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்றேன். சீசன் ஆரம்பித்திருந்ததால் அவருக்கும் மிஷின் ஓட வேண்டியிருந்தது, சரி என்றார்.

மாட்டுகிற வேலை பெரிதாக இல்லை. அந்தச் சின்ன பிஎல்சியில் உள்ளே வரும் ஒயர்களுக்கு இருந்த இடமெல்லாம் நிரம்பியிருந்தது. இரண்டு பட்டனையும் கழற்றினேன், அந்த வளையங்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். காலியான இரண்டு இடத்தில் கதவின் இரண்டு சுவிட்சுகளைக் கொண்டுவந்தேன். ஒன்று கதவு மேலே இருப்பதைச் சொல்லும், ஒன்று கதவு முழுசாக மூடியதைச் சொல்லும். ஒவ்வொரு தட்டுக்கும் கதவு மேலே போய்த் திரும்பி வந்தால்தான் அச்சு இறங்கும். எதையாவது கட்டிவைத்து ஏமாற்ற முடியாது. பாதியில் திறந்தால் அச்சு ஏறிவிடும். லேப்டாப்பில் அடித்து, அனுப்பி, சரிபார்த்தேன். முதுகு விண்விண் என்று தெறித்தது. கைக்குப் பதில் உள்ளே ஒரு கட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தேன், என் கையாலேயே மட்டை வைத்தும் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவை ஒரு கையால் இறக்கினார், ஏற்றினார். லேசாகத்தான் வந்தது. கிளிப்பைத் தள்ளிப் பார்த்தார். மட்டை வைத்துக் கதவை இறக்கினார். அச்சு தானாக வந்து அழுத்திவிட்டு ஏறியது. கதவை ஏற்றி, தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்ல தட்டு. ஓனர் கை தட்டினார். பக்கத்து மிஷின்காரம்மா என்னிடம் இன்னும் பேசவில்லை, ஆனால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை உள்ள இருக்கறப்ப கதவு இறங்கினா என்னாங்க சார் ஆவும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கை உள்ள இருந்தா கதவு மூடாதும்மா. மூடலன்னா அச்சு இறங்காது."

அவர் தலையாட்டினார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இடது கையை எடுத்துக் கீழ் அச்சுக்கு மேலே, நேராக நடுவில் நீட்டினார். வலது கையால் கதவை இறக்கிவிட்டார்.

"ஏம்மா!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சிவப்புப் பட்டன் எனக்கு எட்டவில்லை.

கதவு அவருடைய முன்கைமேல் வந்து தட்டி நின்றது. பிஎல்சியில் கதவு மூடியதைச் சொல்லும் சுவிட்சின் விளக்கு எரியவில்லை. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேல் அச்சு அப்படியே நின்றது. அதன் சூடு அவர் கைமேல் இறங்கிக்கொண்டிருக்கும், இருந்தாலும் அவர் எடுக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை யாரும் பார்க்காமலிருக்க பேனல் பக்கம் திரும்பவும் முடியவில்லை.

"சும்மாத்தான் நிக்குது," என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "இது இப்ப புதுசா கண்டுபுடிச்சதுங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். ஓனரும் நம்பியிருப்பார், எல்லோருக்கும் மனசு லேசாகியிருக்கும். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா. ரொம்பப் பழசு. எங்க அப்பா காலத்துலயே இருந்தது."

"அப்ப அன்னிக்கும் இருந்துச்சா," என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. யாரையும் குற்றம் சொல்கிற குரலும் இல்லை. ஓனர் தலையைக் குனிந்துகொண்டார். நான் "இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் கதவை ஏற்றி, கையை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு மட்டையை எடுத்து உதறி அச்சில் வைத்தார். விரலால் கிளிப்பைத் தள்ளினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றார். "வெளிச்சத்த மறைக்கறீங்க."

நான் தள்ளி நின்றேன்.